கூடங்குளம் கம்ப்யூட்டரில் வைரஸ்: அன்று நடந்தது என்ன?

கம்ப்யூட்டர் இதழில் அணுமின் நிலையத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். 2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் நடந்த ஒரு சம்பவம் இந்த இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்தியது. வைரஸ் என்றால் என்ன, நெட்வொர்க் என்றால் என்ன என்று தெரியாமல் அந்தச் செய்தியைப் புரிந்துகொள்ள முடியாது. கூடங்குளத்தைச் சுற்றியுள்ள மக்கள் அணு உலையைப் பற்றி ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்பதும் தெரிந்தால்தான் அந்தச் செய்தி ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்பது விளங்கும்.

என் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. அப்போது நான் இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அக்டோபர் 29 அன்று மாலை, பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த நண்பன் வாட்ஸ்அப்பில் கேட்டான். அவன் கூடங்குளத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு மீனவ ஊர்க்காரன். "மக்கா, நம்ம ஊரு அணு உலையை எவனோ ஹேக் பண்ணிட்டான்னு வருதே. நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே. நெசமா?"

அன்றைய செய்தியில் நிலையத்தின் மறுப்பு அறிக்கையை நான் படித்திருந்தேன். உடனே பதில் அனுப்பினேன். "அதெல்லாம் நடக்காதுல. அந்த கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கனெக்‌ஷனே கிடையாது. சும்மா வதந்தி."

மறுநாள் அவனிடமிருந்து ஒரு செய்தி லிங்க் மட்டும் வந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை. வைரஸ் இருந்தது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்ட செய்தி அது.

நான் சொன்னதில் எது சரி, எது தவறு? இதைப் பல நாட்கள் யோசித்திருக்கிறேன். முதலில் தேதிவாரியாகப் பார்த்துவிடுவோம்.

வெளியே வந்த விதம்

சந்தேகத்துக்குரிய பைல் ஏதாவது உங்களிடம் இருந்தால், அதை வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் ஏற்றிப் பார்க்கலாம். பல ஆன்ட்டி வைரஸ் புரோகிராம்கள் ஒரே நேரத்தில் அதைச் சோதித்து முடிவைத் தரும். இப்படி ஏற்றப்படும் பைல்களை உலகெங்கும் உள்ள பாதுகாப்பு ஆய்வாளர்களும் எடுத்து ஆராய முடியும்.

2019 அக்டோபர் 28 அன்று, இந்தத் தளத்தில் இருந்த ஒரு பைலைப் பற்றிய தகவல் ட்விட்டரில் வெளியானது. அது டிட்ராக் என்ற வகையைச் சேர்ந்த வேவு பார்க்கும் புரோகிராம். ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரும், அட்மினிஸ்ட்ரேட்டர் யூசர் நேமும், உள் நெட்வொர்க்கில் பயன்படும் ஐபி முகவரிகளும் எழுதப்பட்டிருந்தன. ஊர் ஊராகச் சுற்றும் சாதாரண வைரஸில் இப்படி ஒரு குறிப்பிட்ட இடத்தின் பெயர் இருக்காது. பூட்டிய வீட்டின் முன் ஒருவன் நிற்கிறான், அவன் சட்டைப் பையில் அந்த வீட்டின் வரைபடமும் இருக்கிறது என்றால் என்ன நினைப்போம்? அப்படித்தான் இது. ஏற்கனவே ஒருமுறை உள்ளே போய்த் தகவல் எடுத்து வந்தவர்கள் எழுதியதாகவே இதைப் பலரும் கருதினார்கள்.

அதே நாளில், மத்திய அரசின் தொழில்நுட்ப உளவு அமைப்பில் முன்பு பணியாற்றிய புக்ராஜ் சிங் என்பவர், இந்த ஊடுருவல் பற்றிச் செப்டம்பர் தொடக்கத்திலேயே அரசின் சைபர் பாதுகாப்பு அதிகாரியிடம் தெரிவித்துவிட்டதாக எழுதினார். டொமைன் கன்ட்ரோலர் வரை அவர்கள் போய்விட்டார்கள் என்றும் சொன்னார். ஒரு அலுவலகத்தில் யார் எந்த கம்ப்யூட்டரில் நுழையலாம் என்பதை முடிவு செய்யும் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். எல்லா அறைகளின் சாவியும் தொங்கும் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 29 அன்று நிலையம் மறுப்பு அறிக்கை வெளியிட்டது. சமூக வலைத்தளங்களில் தவறான தகவல் பரவுகிறது, அணுமின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி நெட்வொர்க்குடனோ இன்டர்நெட்டுடனோ இணைக்கப்படாதவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் நடத்துவது சாத்தியமில்லை என்பது அதன் சாரம். முதல் அலகு 1000 மெகாவாட்டிலும் இரண்டாம் அலகு 600 மெகாவாட்டிலும் ஓடிக்கொண்டிருப்பதாகவும் அதில் இருந்தது.

அக்டோபர் 30 அன்று மும்பையிலுள்ள இந்திய அணுமின் கழகம் இன்னொரு அறிக்கை தந்தது. வைரஸ் கண்டறியப்பட்டது சரியே. செப்டம்பர் 4-ஆம் தேதி செர்ட்-இன் அமைப்பு இதைத் தெரிவித்தது. அணுசக்தித் துறை நிபுணர்கள் உடனே விசாரித்தார்கள். பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைகளுக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டர். முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து பிரிக்கப்பட்டே இருக்கிறது. நிலையத்தின் இயக்கத்துக்குப் பாதிப்பில்லை. இவ்வளவுதான்.

செப்டம்பர் 4-க்கும் அக்டோபர் 29-க்கும் இடையில் 55 நாட்கள்.

அந்த இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு விஷயம் புலப்படும். முதல் அறிக்கையிலும் பொய்யென்று சுட்டிக்காட்ட ஒரு வாக்கியம் கிடைப்பது கடினம். அணு உலையை இயக்கும் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இல்லை என்பதைத்தான் அது சொன்னது. ஆனால் மக்கள் கேட்ட கேள்வி வேறு. 'உங்கள் நிலையத்துக்குள் வைரஸ் வந்ததா இல்லையா?' என்று கேட்டார்கள். வேறொரு கேள்விக்கான சரியான பதில் அவர்களுக்குக் கிடைத்தது. நானும் என் நண்பனுக்கு அதையேதான் கொடுத்தேன்.

ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு நெட்வொர்க்

இதை வீட்டு உதாரணத்தில் பார்ப்போம். உங்கள் வாஷிங் மெஷினுக்குள்ளும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. எப்போது தண்ணீரை நிறுத்த வேண்டும், எத்தனை நிமிடம் சுற்ற வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மேஜையில் இருக்கும் உங்கள் பிசியில் வைரஸ் வந்து விண்டோஸே படுத்துவிட்டாலும் வாஷிங் மெஷின் பாட்டுக்குத் துணி துவைத்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையே வயர் இல்லை, வை-பை இல்லை. இந்த இடைவெளிக்கு ஏர் கேப் என்று பெயர்.

அணுமின் நிலையத்திலும் அப்படித்தான். சம்பளக் கணக்கு, டெண்டர், ஈ-மெயில், கடிதப் போக்குவரத்து எல்லாம் நிர்வாக நெட்வொர்க்கில் நடக்கும். உலையின் வெப்பம், அழுத்தம், நீராவி உற்பத்திக் கலனில் தண்ணீர் மட்டம் ஆகியவற்றைக் கவனிப்பது கட்டுப்பாட்டு நெட்வொர்க். கூடங்குளத்தில் உள்ளவை ரஷ்ய நாட்டு வி.வி.இ.ஆர். வகை உலைகள். இவற்றில் அவசர காலத்தில் உலையை நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கோல்கள் மின்காந்தப் பிடியில் மேலே தொங்குகின்றன. மின்சாரம் போனால் பிடி விட்டுவிடும், கோல்கள் தம் எடையாலேயே கீழே இறங்கி அணுப்பிளவை நிறுத்திவிடும். அதற்கு எந்தப் புரோகிராமும் தேவையில்லை. உலையை நிறுத்திய பிறகும் வெப்பம் வந்துகொண்டே இருக்கும், ஃபுகுஷிமாவில் பிரச்சினையே அதுதான். அந்த வெப்பத்தைப் பம்பு இல்லாமலே காற்றோட்டத்தால் வெளியேற்றும் ஏற்பாடும் இங்கு இருக்கிறது.

ஆகவே டிட்ராக் வந்ததால் உலை வெடித்திருக்கும் என்று அன்று பரவிய வாட்ஸ்அப் செய்திகள் வெறும் பயமுறுத்தல். டிட்ராக் எதையும் வெடிக்க வைப்பதற்காக எழுதப்பட்டது அல்ல. நீங்கள் கீபோர்டில் தட்டும் எழுத்துகளைப் பதிவு செய்வது, பிரவுசரில் பார்த்த தளங்களின் பட்டியலை எடுப்பது, எந்தப் புரோகிராம்கள் ஓடுகின்றன, டிரைவில் என்னென்ன பைல்கள் இருக்கின்றன என்று குறித்துக்கொள்வது, எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைப்பது ஆகியவைதான் அதன் வேலை. 2019 செப்டம்பர் 23 அன்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் இதைப் பற்றி விரிவாக எழுதியது. இந்தியாவில் ஏ.டி.எம். கார்டு தகவல்களைத் திருடிய ஒரு வைரஸை ஆராயப் போய், அதன் உறவுக்காரனாக இதைக் கண்டுபிடித்தார்கள். லாசரஸ் என்ற, வட கொரியாவுடன் தொடர்புபடுத்தப்படும் குழுவின் கைவரிசை என்பது அவர்கள் கணிப்பு.

அக்டோபர் 19 அன்று இரண்டாம் அலகு நின்றுபோயிருந்தது. நீராவி உற்பத்திக் கலனில் தண்ணீர் மட்டம் குறைந்ததுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அலகுகள் இப்படி நிற்பது புதிதல்ல. ஆனால் வைரஸ் செய்தி வந்ததும் மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். முடிச்சு இருந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் 55 நாள் ஒரு விஷயம் வெளியே வராமல் இருந்தது என்று தெரிந்த பிறகு, 'அது வேறு, இது வேறு' என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இடைவெளியைத் தாண்டும் வழிகள்

ஏர் கேப் இருந்தால் எதுவுமே நுழையாது என்று நினைத்துக்கொண்டிருந்தது என் தவறு. கல்லூரியில் படித்த உதாரணங்களே எனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு இன்டர்நெட் முழுவதும் சில நிமிடங்களில் பரவியது. உங்களில் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்திலுள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்திலும் அது புகுந்தது. அங்கே ஃபயர்வால் இருந்தது. ஆனால் ஒப்பந்தக்காரர் ஒருவரின் நெட்வொர்க்கிலிருந்து வந்த லைன் ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே போயிருந்தது. புழு அந்த வழியாக வந்து, உலையின் பாதுகாப்பு அளவுகளைத் திரையில் காட்டும் அமைப்பை ஏறக்குறைய 5 மணி நேரம் முடக்கிவிட்டது. அந்த நேரத்தில் உலை வேறு காரணத்துக்காக நிறுத்தப்பட்டிருந்ததாலும், பழைய முறை மீட்டர்கள் இருந்ததாலும் ஆபத்து நேரவில்லை. புழு பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதத்துக்கு முன்பே கொடுத்திருந்தது. யாரும் போடவில்லை.

அடுத்தது ஸ்டக்ஸ்நெட். 2010 ஜூனில் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரானின் நடான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் ஆலைக்கு இன்டர்நெட் இணைப்பு கிடையாது. அங்கே வைரஸ் போய்ச் சேர்ந்தது பென் டிரைவ் மூலம் என்பதே பொதுவான முடிவு. பென் டிரைவைச் செருகி, உள்ளே இருக்கும் பைல்களின் ஐகான்களை எக்ஸ்புளோரரில் பார்த்தாலே போதும், வைரஸ் ஓடத் தொடங்கிவிடும். எதையும் கிளிக் செய்யவே வேண்டாம். பிறகு அது சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தேடிப் பிடித்து, சென்ட்ரிபியூஜ் இயந்திரங்களின் வேகத்தைத் தாறுமாறாக மாற்றியது. மானிட்டரிலோ எல்லாம் சரியாக இருப்பதுபோலவே காட்டியது. ஸ்டக்ஸ்நெட் அதிகம் பரவிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்த மூன்றாவது இடத்தில் இருந்தது நம் இந்தியாதான். நம் நாட்டில் பென் டிரைவ் கைமாறும் வேகம் அப்படி.

பென் டிரைவ் பற்றி நானே ஒரு கதை சொல்ல முடியும். வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். அங்கே இயந்திரங்களை இயக்கும் கம்ப்யூட்டர்களைத் தனி அறையில், இன்டர்நெட் இல்லாமல் வைத்திருந்தார்கள். கதவில் 'வெளி ஆட்கள் வரக் கூடாது' என்ற போர்டு வேறு. அறைக்குள் ஷிப்ட் ஆபரேட்டர் ஒருவர் இரவில் பாட்டுக் கேட்பதற்காகத் தன் பென் டிரைவை அதில் செருகியிருந்தார். அதில் இருந்த வைரஸ் எல்லா போல்டர்களையும் மறைத்து, அவற்றின் பெயரில் ஷார்ட்கட்களை உருவாக்கிவிட்டது. உங்கள் வீட்டிலும் ஒருமுறையாவது இந்தக் கூத்து நடந்திருக்கும். அதைச் சுத்தம் செய்ய எங்களுக்கு ஒன்றரை நாள் ஆனது. அந்த நிறுவனத்தின் ஆவணங்களில் கடைசிவரை 'இந்த நெட்வொர்க் முற்றிலும் தனிமைப்படுத்தப்பட்டது' என்றுதான் எழுதியிருந்தது.

கூடங்குளத்தில் இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. அங்கே கட்டுப்பாட்டு நெட்வொர்க் பாதிக்கப்படவில்லை என்பதை மறுக்கும் ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. ஆனால் 'சாத்தியமே இல்லை' என்ற சொல்லை எந்த கம்ப்யூட்டர்க்காரனும் அவ்வளவு சுலபமாகப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டு ஊர், இரண்டு நினைப்பு

இனி மக்களின் பக்கம் வருவோம். அணு உலை பற்றித் திருநெல்வேலிச் சீமைக்கு ஒரே கருத்து என்று எப்போதும் இருந்ததில்லை. தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு மின்சாரம் என்றால் பாபநாசம். அங்கே 1944-லிருந்து அருவி நீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். பிறகு தூத்துக்குடியில் அனல் மின் நிலையம், கயத்தாறு, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள். ஆனால் ஆறு வற்றும் மாதம் உண்டு, காற்று நிற்கும் மாதம் உண்டு. கூடங்குளம் வந்தால் 2000 மெகாவாட், அதில் தமிழகத்துக்குச் சுமார் பாதி என்று கேட்டபோது டவுன்காரர்களுக்கு ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை.

2012-இல் நான் பத்தாம் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தேன். சென்னையில் மின்வெட்டு குறைவு, எங்கள் பக்கம் பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. இன்வெர்ட்டர் வாங்கியும் பயனில்லை, அது சார்ஜ் ஆகவும் கரண்ட் வேண்டுமே. பிசி நடுவில் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, அதிலிருந்த குடும்பப் போட்டோக்களும் போயின. "கூடங்குளத்தைச் சீக்கிரம் தொறந்தா தேவல" என்று என் அப்பா தினமும் சொல்வார். வீட்டில் எல்லோருக்கும் அதே எண்ணம்தான். எனக்கும்தான்.

என் நண்பன் அப்போது வாரக்கணக்கில் பள்ளிக்கு வராமல் இருந்தான். அவன் ஊர் முழுக்க இடிந்தகரை லூர்து மாதா கோயில் பந்தலில் உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு இது 2011-இல் தொடங்கிய விஷயம் அல்ல. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஆண்டே, 1989 மே 1 அன்று, கன்னியாகுமரியில் மீனவர்கள் நடத்திய பேரணியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை உலைக்குக் கொண்டுபோகும் முதல் திட்டத்தால் குமரி மாவட்ட விவசாயிகளும் எதிர்த்தார்கள், பிறகு கடல்நீரை நன்னீராக்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியை அந்தக் கரை கண்ணால் பார்த்தது. இடிந்தகரையில் சுனாமி காலனி என்றே ஒரு குடியிருப்பு உண்டு. அப்படிப்பட்டவர்கள் 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவைக் கடல் விழுங்கியதை டி.வி.யில் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்?

சில மாதத்தில் இன்னொன்று நடந்தது. முதல் உலையில் யுரேனியத்துக்குப் பதில் டம்மி எரிபொருள் வைத்து, சூடாக்கிச் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். கதிர்வீச்சு துளியும் இல்லாத சோதனை அது. ஆனால் நீராவி வெளியேறும் பெரும் சத்தம் சுற்றுப்புற ஊர்களுக்குக் கேட்டது. தங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சரியாகச் சொல்லவில்லை என்றார்கள் ஊர்மக்கள். ஒரு புதிய சாப்ட்வேரை டெஸ்ட் செய்யும்போதுகூட, 'நாளை இரவு 10 மணி முதல் சர்வர் இயங்காது' என்று எல்லோருக்கும் மெயில் போடுகிறோம். 2011 செப்டம்பர் 11 அன்று இடிந்தகரையில் 127 பேர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள்.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்ததே. மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்த வேண்டும் என்று மாநில அமைச்சரவை தீர்மானம் போட்டது. நவம்பரில் அப்துல் கலாம் நேரில் வந்து பார்த்து, உலை பாதுகாப்பானது என்றார். 2012 மார்ச் 19 அன்று அதே மாநில அரசு அனுமதி தந்தது. ஜூனில் பேரிடர் ஒத்திகையை நக்கனேரி என்ற சிறிய ஊரில் நடத்தினார்கள், கடற்கரையின் பெரிய ஊர்களில் ஏன் நடத்தவில்லை என்ற கேள்வி எழுந்தது. செப்டம்பர் 10 அன்று முற்றுகைக்கு வந்தவர்கள்மீது தடியடி, கண்ணீர்ப் புகை. மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். ஆயிரக்கணக்கானோர்மீது தேசத் துரோக வழக்கு. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் 15 நிபந்தனைகளுடன் உலையை அனுமதித்தது. 2014 டிசம்பர் 31 முதல் முதல் அலகும், 2017 மார்ச் 31 முதல் இரண்டாம் அலகும் வணிக ரீதியாக மின்சாரம் தருகின்றன.

இதில் கம்ப்யூட்டர் வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஆவணங்களின் கதை. போராட்டக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் சுப. உதயகுமார், உலையின் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையையும் இடத்தேர்வு அறிக்கையையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். வர்த்தக ரகசியங்களை நீக்கிவிட்டு மீதியைக் கொடுங்கள் என்று 2012 ஏப்ரலில் மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்டது. பாதுகாப்பு ஆய்வு அறிக்கையைக் கொடுக்க மனமில்லாமல் அணுமின் கழகம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. ஊர்க்காரன் கேட்டால் கிடைக்காத பைல் என்று நிலையத்துக்குள் சில இருக்கின்றன. 2019-இல் எங்கோ இருக்கும் ஒருவன், யாரிடமும் கேட்காமலேயே அங்கே டிரைவிலுள்ள பைல்களின் பட்டியலை எடுக்கும் புரோகிராமை அனுப்பினான். இந்த வேடிக்கையை என் நண்பன்தான் எனக்குச் சுட்டிக்காட்டினான்.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால்

எங்கள் பக்கம் அணு உலை பற்றிய வாட்ஸ்அப் செய்தி மாதம் ஒன்றாவது வந்துவிடும். இவற்றைப் படிக்கும்போது நான் பார்க்கும் முதல் விஷயம், எந்த நெட்வொர்க் என்பது. 'நிலையம் ஹேக் செய்யப்பட்டது' என்றாலும் சரி, 'நிலையத்தை ஹேக் செய்ய முடியாது' என்றாலும் சரி, அலுவலக நெட்வொர்க்கா, இயக்கும் நெட்வொர்க்கா என்று சொல்லாத வாக்கியத்துக்கு மதிப்பில்லை. அடுத்து தேதி. எப்போது தெரிந்தது, எப்போது சொன்னார்கள்? மூன்றாவது, 'பாதிப்பில்லை' என்பதன் பொருள். மின் உற்பத்தி பாதிக்கப்படவில்லை என்பது ஒன்று, தகவல் திருடு போகவில்லை என்பது வேறொன்று. அலுவலக நெட்வொர்க்தானே என்று அலட்சியமாகவும் இருந்துவிட முடியாது. யார் எந்தப் பிரிவில் வேலை பார்க்கிறார்கள், எந்த ஒப்பந்தக்காரர் எந்தத் தேதியில் லேப்டாப்புடன் உள்ளே வருவார் என்பதெல்லாம் அலுவலக மெயிலில்தான் இருக்கும். ஸ்லாமருக்கு வழி கொடுத்தது அப்படிப்பட்ட ஒரு ஒப்பந்தக்காரரின் லைன்தானே.

உங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்கும் இதில் பாடம் உண்டு. தினசரி வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட்டைப் பயன்படுத்தாதீர்கள், தனியாக ஒரு ஸ்டாண்டர்ட் யூசர் உருவாக்கிக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் பென் டிரைவைச் செருகியதும் திறக்காமல், ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். வைரஸ்டோட்டலில் சந்தேகமான பைலைச் சோதிக்கலாம், ஆனால் உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார் நகல் போன்றவற்றை ஏற்றிவிடாதீர்கள். அங்கே ஏற்றுவதை மற்றவர்களும் எடுத்துப் பார்க்க முடியும் என்பதற்குக் கூடங்குளம் பைலே சாட்சி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நெல்லை ஜங்ஷனில் நண்பனைப் பார்த்தேன். அவன் இப்போது விசைப்படகு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக். கடையில் உட்கார்ந்து, டீ கிளாஸ் இரண்டைத் தள்ளித் தள்ளி வைத்து, இது நிர்வாக நெட்வொர்க், இது கட்டுப்பாட்டு நெட்வொர்க், நடுவில் இருப்பது ஏர் கேப், பென் டிரைவ் வந்தால் இப்படி என்று எல்லாம் விளக்கினேன். அன்று நான் அவசரப்பட்டுச் சொன்னது தவறு என்பதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். இன்ஜின் பிரிப்பவன் அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டான்.

"சரில, உலைக்கு ஒண்ணும் ஆகல, நம்புதேன். அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து என்னத்த எடுத்துட்டுப் போனானுவ?"

இரண்டு அறிக்கைகளையும் போனில் எடுத்து அவனிடம் காட்டினேன். இரண்டிலும் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.